பன்றிக்கறியும் பீன்ஸும்

நடுவர் அவர்களே! "பசிதான் பெரிய கொடுமை, புறக்கணிப்பெல்லாம் வயிறு நிறைஞ்சவன் கவலை" என்று எதிரணி நண்பர் முழங்கிவிட்டுப் போனார். நீங்களும் கை தட்டினீங்க. நான் ஹாலந்து தேசத்திலிருந்து ஒரு சாட்சியைக் கூட்டி வர்றேன்.

டச்சு மொழியிலே ஒரு தொடர், ஓர் அம்மையார் எனக்குச் சொல்லிக் கொடுத்தது: 'ஃபோர் ஸ்பெக் என் போனன்'. ஸ்பெக் என்றால் கொழுத்த பன்றிக்கறி, போனன் என்றால் பீன்ஸ். "அவன் பன்றிக்கறிக்கும் பீன்ஸுக்கும் உட்கார்ந்திருக்கான்" என்பார்களாம். சாப்பாட்டுச் சமாசாரம்னு நானும் ஆவலாக் கேட்டேன்! (சிரிப்பு) கூலி கிடையாது, சாப்பாடு மட்டும் உண்டு என்று வேலைக்கு இருந்தவனை வைத்து வந்த பேச்சு என்று விளக்கம் சொல்கிறார்கள். ஆள் இருப்பான், கணக்கில் இருக்கமாட்டான்.

அங்கே கண்ணாமூச்சி ஆட்டத்திலே குட்டிப் பிள்ளையையும் இப்படித்தான் சேர்த்துக்கொள்வார்கள். பிடிபட்டாலும் 'அவுட்' கிடையாது. நாம என்ன சொல்வோம்? ஒப்புக்குச் சப்பாணி! (கைதட்டல்)

பிள்ளைக்கு அது சலுகை. கொஞ்ச நாளிலே பிள்ளைக்கே புரிந்து அழ ஆரம்பித்துவிடும், அது வேறு. ஆனால் பெரிய மனுஷன், அலுவலகக் கூட்டத்திலே நாற்காலி கொடுத்து, காபி கொடுத்து, முடிவை மட்டும் முன்னாடியே எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து மனைவியிடம் அதே தொடரைச் சொல்கிறான்.

நடுவர் அவர்களே, இதிலே பட்டினி எங்கே இருக்கு? கறி இருக்கு, பீன்ஸ் இருக்கு, வயிறும் நிறைஞ்சிருக்கு. அப்புறம் ஏன் அந்த மனுஷன் புலம்புகிறான்? எதிரணித் தலைவர் எழுந்து பதில் சொல்லட்டும்.