கட்டடக்கலை மாணவரும் அலுவலகப் பயிற்சியும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம்மவர் நாவில் நெடுங்காலமாக வழங்கிவரும் முதுமொழி. கல்வியைப் பற்றிய பேச்சு எழும் இடமெல்லாம் இம்முதுமொழியும் உடனெழுவதுண்டு. கட்டடக்கலை பயிலும் மாணவரை, அவர் படித்துக்கொண்டிருக்கும் காலத்திலேயே, கட்டடக் கலைஞர் ஒருவரின் அலுவலகத்துக்குச் சில மாதங்கள் அனுப்பிவைத்து, அங்கே அவர் பெறும் பயிற்சியையும் பட்டப்படிப்பின் ஒரு கூறாகக் கணக்கிட்டுப் பாடப்புள்ளி வழங்கும் வழக்கம் இன்று பல நாடுகளில் நிலவுகின்றது. இந்தியாவிலே, கட்டடக்கலைப் பேரவை 1983ஆம் ஆண்டு வகுத்த விதிகள், ஐந்தாண்டுப் படிப்பில் ஏறத்தாழ 16 வாரங்களைத் தொழில் அலுவலகப் பயிற்சிக்கென ஒதுக்கின. நல்ல ஏற்பாடுதான். ஆயினும் அப்புள்ளி எதற்காக வழங்கப்படுகின்றது? மாணவர் உழைத்ததற்காகவா, அன்றிக் கற்றதற்காகவா? இந்த வினாவையே இன்று உங்களுடன் சேர்ந்து சற்று ஆராய விரும்புகின்றேன்.

கல்லூரி கற்பிக்க இயலாத எதனை அலுவலகம் கற்பிக்கின்றது என்பதை முதலிற் பார்ப்போம். மாடிப்படி ஒன்றை எடுத்துக்கொள்வோம். கீழ்த்தளத்துக்கும் மேல்தளத்துக்கும் இடையேயுள்ள உயரத்தைப் படிகளின் தொகையால் வகுத்தால் ஒரு படியின் உயரம் கிடைக்கும். இதனை மாணவர் முதலாம் ஆண்டிலேயே கற்றுவிடுகின்றார். அவர் வரையும் படத்திலே படிகள் யாவும் ஒத்த உயரமுடையனவாய் ஒழுங்காக அமைந்திருக்கும். ஆனால், கொங்கிறீற்றின் மேலே பின்னர் பதிக்கப்படும் கல்லும் சாந்தும் இரு தளங்களிலும் இரண்டு அங்குலத் தடிப்பாகவும், படிகளின்மேல் ஓர் அங்குலத் தடிப்பாகவும் இருக்குமாயின் என்ன நேரும்? முதற்படி ஓர் அங்குலம் குறைந்துவிடும். கடைசிப்படி ஓர் அங்குலம் கூடிவிடும். படியேறும் மனிதரின் கால், இரண்டு மூன்று படிகளுக்குள் அவற்றின் உயரத்தைப் பழகிக்கொள்கின்றது. ஆதலால் அந்த ஓர் அங்குல வேறுபாடே முதியவர் ஒருவரைத் தடுக்கி வீழ்த்துவதற்குப் போதுமானது.

வேலைத்தலத்திலே மேசன் மட்டக்கோலைக் கையிற் பிடித்துக்கொண்டு, "எந்த மட்டத்திலிருந்து அளப்பது?" என்று கேட்கும்போதுதான், தாம் வரைந்த கோடு எதனைக் குறித்தது என்பது மாணவருக்கு விளங்குகின்றது. மழைத்தடுப்பின் அடிப்பக்கத்தில் விரலகலக் கீற்று ஒன்று ஏன் வேண்டும் என்பதும் இத்தகையதே. அக்கீற்று இல்லையேல் நீர் அடிப்பக்கமாக ஊர்ந்து சென்று சுவரை நனைக்கும். ஒரு பெருமழையின்போது அங்கே நின்று பார்த்தவர் அதனை ஒருபோதும் மறவார். இவற்றுக்காகவே மாணவரை அலுவலகத்துக்கு அனுப்புகின்றோம்.

கல்லூரிகள் தோன்றுவதற்கு முன்னர் இங்கிலாந்திலே அலுவலகமே பள்ளியாக இருந்தது. இலண்டன் மாநகரில் இங்கிலாந்து வங்கியின் கட்டடங்களை அமைத்த சேர் ஜோன் சோன், செங்கல் அடுக்கும் தொழிலாளி ஒருவரின் மைந்தர். தாமே ஓர் அலுவலகத்திற் பயின்று உயர்ந்தவர். பின்னர் அவரிடம் மாணாக்கர் பலர் ஒப்பந்தம் எழுதிச் சேர்ந்து பயின்றனர். நாளொன்றுக்கு 12 மணி நேரம் அவர்கள் வரைபட மேசையில் அமர்ந்து உழைத்தனர். பிறரின் படங்களைப் படியெடுப்பதோடு அவர்கள் பணி முடிந்துவிடவில்லை. கட்டப்பட்டுக்கொண்டிருக்கும் கட்டடங்களுக்குச் சென்று, அரைகுறையாக எழும்பி நிற்கும் சுவர்களையும் வளைவுகளையும் உள்ளது உள்ளபடியே வரைந்துவருமாறு சோன் அவர்களைப் பணித்தார். அவர்கள் அவ்வாறு வரைந்த படங்களை இலண்டனில் அவருடைய இல்லமாகிய அரும்பொருட்சாலையில் இன்றும் காணலாம்.

நாவலாசிரியராக நாம் அறிந்த தோமஸ் ஹார்டியும் இவ்வழி வந்தவரே. கல்வேலை செய்த குடும்பத்திற் பிறந்த அவர், 1856ஆம் ஆண்டில், தமது பதினாறாவது வயதில், டோச்செஸ்டர் நகரத்துக் கட்டடக் கலைஞர் ஒருவரிடம் பயிலச் சேர்ந்தார். பழைய தேவாலயங்களை அளந்து வரைவது அவருக்குக் கிடைத்த வேலைகளுள் ஒன்று. ஆனால், இந்த இடத்தைப் பெறுவதற்காக அவருடைய தந்தையார் ஆசிரியருக்குப் பணம் செலுத்தவேண்டியிருந்தது. அக்காலத்து வழக்கம் அது. தொழில் கற்பிக்கும் ஆசிரியர் காணிக்கையையும் பெற்றார். மாணாக்கரின் உழைப்பையும் பெற்றார். நல்ல ஆசிரியர் வாய்த்தவர் தேர்ந்தார். வாய்க்காதவர் ஆண்டுக்கணக்கிற் படியெடுத்தே காலங்கழித்தார். அவருக்காகக் கேள்வி கேட்க ஒருவரும் இருக்கவில்லை.

இக்குறையை உணர்ந்தே, 1958ஆம் ஆண்டு ஒக்ஸ்போட் நகரிலே பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் நிறுவகம் கூட்டிய மகாநாடு, பழைய ஒப்பந்தப் பயிற்சி முறை படிப்படியாக ஒழியவேண்டும் என்றும், கட்டடக்கலைக் கல்வி பல்கலைக்கழகங்களைச் சார்ந்து நடைபெறவேண்டும் என்றும் விதந்துரைத்தது. அதன்பின், படிப்பின் நடுவே ஓராண்டை அலுவலகத்திற் கழிக்கும் முறை அங்கே நெடுங்காலம் நிலைபெற்றது.

அமெரிக்காவிலே இதற்கு முன்னரே வேறொரு வழி கண்டிருந்தார்கள். சின்சினாட்டிப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பேராசிரியர் ஹேர்மன் ஷ்னைடர், 1906ஆம் ஆண்டில் 27 மாணவருடன் ஒரு திட்டத்தைத் தொடங்கினார். மாணவரை இருவர் இருவராகச் சேர்த்தார். ஒரு வாரம் ஒருவர் தொழிற்சாலையில் வேலைசெய்ய, மற்றவர் வகுப்பிலே பாடங் கேட்பார். அடுத்த வாரம் இருவரும் இடம் மாறிக்கொள்வர். தொழிற்சாலையிற் செய்த வேலைக்கு மாணவருக்குக் கூலி வழங்கப்பட்டது. பொறியியலுக்கென எழுந்த இத்திட்டம் பின்னர் அப்பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை மாணவருக்கும் விரிந்தது. புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் மைக்கல் கிரேவ்ஸ் 1958ஆம் ஆண்டில் அங்கே பட்டம் பெற்றவர்.

பொஸ்தன் நகரிலோ, 1889ஆம் ஆண்டில் ஒரு சங்கமாகத் தோன்றிய கல்விக்கூடம், பகலில் அலுவலகங்களில் வேலைசெய்பவர்களுக்கு இரவிலே வகுப்பு நடத்தி, அலுவலகப் பயிற்சியையும் பட்டத்துக்குரிய கல்வியாகவே ஏற்றுக்கொண்டது. ஷ்னைடர் திட்டத்திலே மாணவர் பெற்ற கூலியையும், ஹார்டியின் தந்தையார் செலுத்திய காணிக்கையையும் ஒப்புநோக்கினால், ஐம்பது ஆண்டுக்குள் நேர்ந்த மாற்றம் எத்துணைப் பெரிது என்பது புலனாகும்.

ஆனால் நேயர்களே, அந்தப் பழைய காணிக்கை முற்றாக மறைந்துவிட்டதா? இன்று ஒரு மாணவி ஆறுமாத காலப் பயிற்சிக்காகத் தலைநகருக்கு வருகின்றாள் என்று வைத்துக்கொள்வோம். பயிற்சிக்கும் பாடப்புள்ளி உண்டு. ஆகவே அந்தப் பருவத்துக்குரிய கல்விக்கட்டணத்தை அவளுடைய பெற்றோர் கல்லூரிக்குச் செலுத்துகின்றனர். அலுவலகமோ, "புள்ளி கிடைக்கின்றதே, சம்பளம் எதற்கு?" என்கின்றது. அறை வாடகையும் சாப்பாட்டுச் செலவும் பஸ் கட்டணமும் வீட்டிலிருந்தே வரவேண்டும். அவள் காலைமுதல் இரவுவரை கதவு, யன்னல் அட்டவணைகளை நிரப்புகின்றாள். அட்டையை வெட்டி மாதிரிகள் செய்கின்றாள். வேலைத்தலத்தை ஒரு நாளேனும் காணவில்லை. பருவ முடிவில், வரவு ஒழுங்காக இருந்தது என்று ஒரு கடிதம் கல்லூரிக்குச் செல்கின்றது. புள்ளியும் பதிவாகிவிடுகின்றது.

இதனால் விளையும் தீமை அந்த மாணவியோடு நின்றுவிடுவதில்லை. சம்பளமில்லாத இடத்தில் ஆறுமாதம் தங்கியிருக்க வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளால் மட்டுமே இயலும். ஆகவே பெயர்பெற்ற அலுவலகங்களின் வாயில் வறிய வீட்டுப் பிள்ளைகளுக்கு அடைபட்டுப் போகின்றது. படிக்கட்டின் அருமையை நன்கறிந்த தச்சரின் மகனும் மேசனின் மகளும் வெளியே நிற்கவேண்டியவர்களாகின்றனர். இந்த அநீதியை உணர்ந்தே, முன் குறிப்பிட்ட பிரித்தானிய நிறுவகம், தன் பட்டியலில் இடம்பெறும் அலுவலகங்கள் பயிற்சி மாணவருக்குச் சட்டம் விதித்த குறைந்தபட்சச் சம்பளத்தையேனும் கொடுத்தாகவேண்டும் என்று 2011ஆம் ஆண்டில் நிபந்தனை விதித்தது.

அலுவலகத்தார் பக்கத்திலும் நியாயம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. புதிதாக வரும் மாணவரின் படத்தைத் திருத்துவதற்கு மூத்தவர் ஒருவரின் நேரம் செலவாகின்றது. சிறிய அலுவலகத்துக்கு அது பாரமே. ஆனால் அந்தத் திருத்தமே கல்வி. எங்கே மூத்தவர் அருகிருந்து திருத்துகின்றாரோ, அங்கே புள்ளி வழங்குவதற்குப் பொருள் உண்டு. திருத்துவார் இல்லாத இடத்திலே மாணவர் செய்வது வெறும் ஊழியம். ஊழியத்துக்கு உரியது சம்பளம், புள்ளி அன்று. கற்பித்தலும் உழைப்பும் கலந்திருக்கும் இடத்திலே இரண்டும் உரியன.

ஆகையால் கல்லூரி தன் பொறுப்பை அலுவலகத்தின் தலையிற் சுமத்திவிட்டு ஒதுங்குதல் ஆகாது. மாணவர் நாள்தோறும் தாம் செய்ததையும் கண்டதையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவரல் வேண்டும். அதனை அலுவலகத்து மூத்தவர் படித்துக் கையொப்பமிடல் வேண்டும். கல்லூரி ஆசிரியர் பருவத்தில் ஒரு முறையேனும் நேரிற் சென்று, "இந்த மாணவர் எந்தக் கட்டடத்தைப் பார்த்தார்? எந்தப் படத்தை வரைந்தார்? அதிலே எது திருத்தப்பட்டது?" என்று கேட்டறிதல் வேண்டும். பெற்றோரும் பயிற்சிக்குச் சேரும் முன்னரே, சம்பளம் எவ்வளவு, வேலைத்தலத்துக்கு அழைத்துச்செல்வார்களா, படத்தைத் திருத்துபவர் யார் என்று வினவத் தயங்கவேண்டியதில்லை.

முடிவாக நம் நாட்டுப் பெண்மணி ஒருவரை நினைவூட்ட விரும்புகின்றேன். மினெட் டி சில்வா 1918ஆம் ஆண்டு பிறந்தவர். கட்டடக்கலை கற்பதற்கு அக்காலத்தில் கொழும்பிலே வசதியின்மையால் பம்பாய் சென்று, அங்கே ஓர் அலுவலகத்திற் பயிற்சி பெற்றார். கலைக்கல்லூரியிலும் சேர்ந்து பயின்றார். இந்திய விடுதலை இயக்கத்தை ஆதரித்தமைக்காகக் கல்லூரி அவரை வெளியேற்றியது. அதன் பின்பும் அவருடைய கல்வி நின்றுவிடவில்லை. மைசூர்ச் சமத்தானத்திலே பணியாற்றிய ஒட்டோ கோனிக்ஸ்பேகர் என்ற கட்டடக் கலைஞரிடம் வேலைசெய்தார். பின்னர் இலண்டன் சென்று படிப்பை முடித்து, 1948ஆம் ஆண்டில் பிரித்தானிய அரச நிறுவகத்தின் இணை அங்கத்தவராகத் தெரிவான முதல் ஆசியப் பெண் என்ற பெருமையைப் பெற்றார்.

கல்லூரி கதவடைத்தபோது கற்பதற்கு இடங்கொடுத்தது ஓர் அலுவலகம். அத்தகைய இடம் வசதியற்ற வீட்டுப் பிள்ளைக்கும் கிடைக்குமாறு செய்வது, அலுவலகத்தார்க்கும் கல்லூரியார்க்கும் ஒருங்கே உரிய கடமையாகும்.