தேரை விழுந்த பிள்ளையும் பிள்ளை விழுந்த தேரையும்

(பரிசளிப்பு விழாவில் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)

 

"ஐயா, அறிவியல் பற்றி ஏதாவது பேசுங்கள். ஆனால் பிள்ளைகள் தூங்கிவிடக் கூடாது" என்று தலைமையாசிரியை அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். முப்பது ஆண்டுகள் இடைநிலைப்பள்ளியில் உயிரியல் போதித்தவன் நான். யாருமே தூங்காத வகுப்பு என்று ஒன்றை நான் பார்த்ததில்லை. என்ன பேசலாம் என்று யோசித்துக்கொண்டே நேற்று மாலை இங்கே வந்து சேர்ந்தேன். நல்ல மழை. பள்ளிக்குப் பின்னால் இருக்கிறதே கால்வாய், அதில் தேரைகள் இரவெல்லாம் கச்சேரி வைத்தன. சரி, நம்முடைய தலைப்பு கிடைத்துவிட்டது என்று தீர்மானித்துக்கொண்டேன்.

இங்கே உட்கார்ந்திருக்கும் பாட்டிமார்களுக்குத் தெரியும். ஒரு குழந்தை சோறு சாப்பிடாமல், எலும்பும் தோலுமாய் இருந்தால், "தேரை விழுந்த பிள்ளை மாதிரி இருக்கானே" என்பார்கள். தேரை மேலே விழுந்தால் பிள்ளை மெலிந்துவிடும் என்று நம் பெரியவர்கள் நம்பினார்கள். அப்படியெல்லாம் ஒன்றும் ஆகாது. ஆனால் பிள்ளை விழுந்தால் தேரை மெலிந்துவிடும். அதற்கு நானே சாட்சி.

1974இல் நான் இதே பள்ளியில் நாலாம் வகுப்பு. அப்போது இங்கே சுற்றிலும் பால்மரம்தான். மழை விட்ட ஒரு நாள் லயத்துக்குப் பின்னால் ஐந்து தேரைகளைப் பிடித்து ஒரு பிஸ்கட் டின்னில் போட்டேன். மூடியில் ஆணியால் ஓட்டை போட்டேன். தண்ணீர் வைத்தேன். ஈசல் பிடித்துப் போட்டேன். தேரைக்கு என்னைவிட நல்ல சாப்பாடு என்று அம்மா திட்டினார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக் கூட்டாளிகளுக்குக் காட்டுவேன். எல்லாரும் கையில் வாங்கிப் பார்ப்பார்கள். ராத்திரி தூங்குவதற்கு முன்னால் டின்னைக் குலுக்கி, உயிரோடு இருக்கிறதா என்று கேட்டுப் பார்ப்பேன்!

இரண்டு வாரத்தில் நான்கு செத்துவிட்டன. வயிறும் தொடையும் சிவந்து போயிருந்தன. "பசியில செத்துப் போச்சுடா" என்றார் அப்பா. எனக்கோ ஒரே அழுகை. பசியில் சாகவில்லை என்று எனக்குத் தெரியும், போட்ட ஈசல் அப்படியே கிடந்ததே! வேறு எதனால் செத்தது என்பதுதான் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ள எனக்குப் பல வருடங்கள் பிடித்தன.

தவளைக்கும் தேரைக்கும், ஏன், உங்களுக்கும் எனக்கும், நெருக்கடி என்று ஒன்று வந்தால் உடம்புக்குள் ஒரு செய்தி ஓடுகிறது. மூளையிலிருந்து பிட்யூட்டரி சுரப்பிக்கு. அங்கிருந்து தேரையின் சிறுநீரகத்தின் மேல் மஞ்சள் பட்டையாக ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு சுரப்பிக்கு. அது ஒரு ஹார்மோனை இரத்தத்தில் விடுகிறது. கார்ட்டிகோஸ்டீரோன் என்று பெயர். வாயில் நுழையாவிட்டால் பரவாயில்லை, 'நெருக்கடி ஹார்மோன்' என்று வைத்துக்கொள்ளுங்கள். சேமிப்பில் இருக்கும் சத்தை எடுத்துத் தசைக்குக் கொடு, மற்ற வேலையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் அதன் உத்தரவு. பாம்பு துரத்தும்போது இந்த உத்தரவு இல்லாவிட்டால் தேரை பிழைக்காது.

அப்போது நோய் எதிர்ப்பு சக்தி என்ன ஆகிறது? உடனே குறைந்துவிடும் என்று நினைப்பீர்கள். அதுதான் இல்லை. இங்கேதான் தவளையின் தோலைப் பற்றி ஒரு கதை சொல்லவேண்டும்.

அமெரிக்காவில் மைக்கேல் சாஸ்லாஃப் என்று ஒரு மருத்துவ ஆராய்ச்சியாளர். ஆப்பிரிக்க நகத்தவளைகளை அறுத்து, முட்டைப்பையை எடுத்து, தைத்து, மறுபடியும் தொட்டியில் விட்டுவிடுவார். தொட்டித் தண்ணீர் சுத்தமானதல்ல, கிருமி நிறைந்தது. அந்தத் தண்ணீரில் நம் காலில் ஒரு கீறல் பட்டால் சீழ் பிடித்துவிடும். தவளைக்கோ தையல் போட்ட இடம் சீழ் பிடிக்காமல் ஆறிவிடுகிறது! இதை எத்தனையோ பேர் பார்த்திருப்பார்கள். ஏன் என்று கேட்டவர் அவர்தான். தோலைச் சோதித்து, கிருமிகளைக் கொல்லும் சின்னச் சின்னப் புரதத் துண்டுகள் அதில் இருப்பதை 1987இல் வெளியிட்டார். எபிரேய மொழியில் கேடயத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து எடுத்து மகைனின் என்று பெயர் வைத்தார்.

தோலில் உள்ள குமிழ் போன்ற சுரப்பிகளில் இந்த மருந்து தயாராக இருக்கிறது. அதைத் திறந்துவிடுவது எது? திடீரென்று பயப்படும்போது பாய்கிறதே நார்அட்ரினலின், அதே பொருள்தான். ஆராய்ச்சிக் கூடத்தில் அதைத் தவளைக்கு ஊசி போட்டால் தோலெங்கும் மருந்து சுரப்பதைக் காணலாம். ஆக, ஒரு நிமிடப் பயம் தவளையின் கேடயத்தை இறக்குவதில்லை, தூக்கிப் பிடிக்கிறது.

கெடுதல் எங்கே வருகிறதென்றால், பயம் முடியாமலே போகும்போது. தோட்டத்தில் ஸ்டோர் தீப்பிடித்துக்கொண்டது என்று வையுங்கள். காவல்காரரும் ஓடிவந்து வாளி தூக்குவார். ஒரு மணி நேரத்துக்கு அது சரி. மாதக்கணக்கில் அவர் வாளியே தூக்கிக்கொண்டிருந்தால் கேட்டில் யார் நிற்பது?

தேரையின் இரத்தத்தில் ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடியில் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் வைத்தால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். வெள்ளை அணுக்களில் நியூட்ரோபில் என்று ஒரு வகை, லிம்போசைட் என்று ஒரு வகை. நெருக்கடி ஹார்மோன் ஏறினால் முதல் வகை இரத்தத்தில் கூடும், இரண்டாவது வகை குறையும். இரண்டுக்கும் உள்ள விகிதத்தை எண்ணி, 'இந்தத் தேரை எவ்வளவு கஷ்டப்படுகிறது' என்று ஆய்வாளர்கள் கணக்குப் போடுகிறார்கள். பிரேசிலில் சாவோ பாவ்லோ பல்கலைக்கழகத்தார் அந்நாட்டுத் தேரைகளைப் பிடித்து அடைத்து வைத்துச் சோதித்தார்கள். அடைத்ததும் ஹார்மோனும் இந்த விகிதமும் ஏறின. சும்மா அடைத்ததைவிட, ஈரத்துணிப் பையில் அசையவே முடியாமல் கட்டிவைத்தபோது இன்னும் அதிகமாக ஏறின. அதைப் படித்த அன்றைக்கு எனக்கு என் பிஸ்கட் டின் ஞாபகம் வந்தது.

சிவந்த தொடைக்கும் விடை கிடைத்தது. ஏரோமோனாஸ் என்று ஒரு பாக்டீரியா குளத்துத் தண்ணீரிலும் கால்வாயிலும் எப்போதும் இருக்கிறது. நல்ல நிலையில் உள்ள தேரை அதனோடுதான் ஆயுள் முழுக்க வாழ்கிறது. நெருக்கமாக, அழுக்குத் தண்ணீரில், ஓயாத தொந்தரவில் அடைபட்ட தேரையிடம் அதே பாக்டீரியா வேலையைக் காட்டிவிடும். தொடை சிவந்து செத்துப்போகும். 'செங்கால் நோய்' என்கிறார்கள். என் தேரைகளை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. ஆனாலும் அடையாளம் அதுதான்.

இப்போது கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். பின்வரிசைத் தம்பிமார்களும்தான்! இந்த ஹார்மோன் எதிரி என்று நினைத்துவிடாதீர்கள். இது இல்லாமல் தலைப்பிரட்டை தவளையாக முடியாது. வாலை உள்ளே இழுத்து, கால் முளைத்து, செவுள் போய் நுரையீரல் எடுக்கும் பெரிய வேலையைத் தைராய்டு ஹார்மோன் நடத்துகிறது. அதற்குக் கைகொடுப்பது நெருக்கடி ஹார்மோன். கலிபோர்னியாவில் மண்ணைத் தோண்டிப் பதுங்கும் ஒருவகைத் தேரை உண்டு. அதன் தலைப்பிரட்டைகள் மழைக் குட்டையில் வளரும். குட்டை வற்றத் தொடங்கினால் மூளை நெருக்கடிச் செய்தியை அனுப்பும், இரண்டு ஹார்மோனும் ஏறும், உருவம் சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை என்று அவசரமாகத் தேரையாகி வெளியேறிவிடும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் டென்வர் இதை ஆராய்ந்து காட்டினார்.

ஆனால் அந்த மாற்றத்துக்கு ஒரு விலை உண்டு. லூயிஸ் ராலின்ஸ்-ஸ்மித் என்ற அம்மையார் நகத்தவளைகளில் கண்டது இது: உருமாறும் சமயத்தில் தைமஸ் சுரப்பியிலுள்ள லிம்போசைட்டுகளில் பெரும்பகுதி அழிந்துபோகிறது. அழிக்கச் சொல்வது அந்த நெருக்கடி ஹார்மோன்தான். அது வேலை செய்யாமல் மருந்து கொடுத்துத் தடுத்தால் அழிவும் தடைபடுகிறது. சொந்தப் படையைத் தானே கலைப்பானேன்? அவர் சொல்லும் விளக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. தலைப்பிரட்டையின் படைவீரர்களுக்குத் தலைப்பிரட்டையின் உடம்புதான் தெரியும். தவளையின் உடம்பில் புதுப் புதுப் புரதங்கள் வரும், இரத்தத்தின் சிவப்புப் பொருள்கூட மாறிவிடும். பழைய வீரர்கள் அதை அந்நியன் என்று அடிக்கப் போய்விட்டால்? ஆகவே பழைய படையைக் கலைத்துப் புதுப் படை சேர்க்கிறது உடம்பு. இடையில் சில வாரங்கள் பாதுகாப்பு குறைவு. கால்வாய் ஓரத்தில் விரல் நகம் அளவுக் குட்டித் தேரைகள் தாவுவதைப் பார்த்திருப்பீர்களே, அவை அந்த நிலையில் இருப்பவைதான்.

அந்த நேரம் பார்த்து நோய் வந்தால் என்ன ஆகும்? வந்தது. 1998இல் ஆஸ்திரேலியாவிலும் மத்திய அமெரிக்காவிலும் செத்து விழுந்த தவளைகளின் தோலில் ஒரு பூஞ்சணத்தைக் கண்டுபிடித்தார்கள். கைட்ரிட் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். நம் நகத்தில் உள்ள கெரட்டின் என்ற பொருள் தவளையின் தோலிலும் உண்டு. பூஞ்சணம் பிடிப்பது அங்கேதான். தவளை தோலால் தண்ணீரும் உப்பும் வாங்குகிற பிராணி. தோல் கெட்டால் இரத்தத்தில் உப்பு குறைந்து, இதயம் நின்றுவிடுகிறது. தலைப்பிரட்டைக்கு வாயில் மட்டும்தான் கெரட்டின், அதனால் அது பெரும்பாலும் தப்பிவிடும். தோல் மாறித் தவளையானதும் மாட்டிக்கொள்ளும். 2019இல் வந்த கணக்குப்படி, இந்த நோயால் உலகில் 501 வகைகள் குறைந்தன. அவற்றில் 90 வகைகள் அடியோடு போய்விட்டதாக மதிப்பிட்டார்கள். தொண்ணூறு வகை! இந்த மண்டபத்தில் இருக்கும் நாற்காலி வரிசைகளை எண்ணிப் பாருங்கள், அத்தனை வராது.

நெருக்கடி ஹார்மோன்தான் இதற்குக் காரணம் என்று சொல்லிவிட்டால் என் பேச்சு அழகாக முடிந்துவிடும். ஆனால் அப்படிச் சொல்வது நியாயமல்ல. 2014இல் ஒரு ஆய்வில் அந்த ஹார்மோனைச் சில வகைகளுக்கு வெளியிலிருந்து கொடுத்துப் பார்த்தார்கள். பூஞ்சணம் அதனால் கூடுதலாகத் தொற்றவில்லை. இந்தப் பூஞ்சணம் தானே லிம்போசைட்டுகளை முடக்கும் பொருளை விடுகிறது. அது பலமான எதிரி. காடு அழிவதும் வெயில் ஏறுவதும் தவளையை வாட்டுவது உண்மை. ஆனால் எந்தச் சாவுக்கு எது காரணம் என்பதைத் தனித்தனியாகத்தான் பார்க்கவேண்டும்.

நம் பக்கம் எப்படி? தீபகற்ப மலேசியாவின் தவளைகளிலும் இந்தப் பூஞ்சணம் இருப்பது 2011இல் பதிவாகியிருக்கிறது. ஆனால் ஆசியாவில் அங்கே நடந்ததைப் போலக் கூட்டம் கூட்டமாகச் சாவு காணப்படவில்லை. பூஞ்சணத்தின் பூர்வீகமே கிழக்காசியா என்று 2018இல் மரபணுவை வைத்துச் சொன்னார்கள். நம் தவளைகள் நெடுங்காலமாக அதோடு பழகியிருக்கலாம்.

நாலாம் ஆண்டு மாணவர்கள் அறிவியல் மூலையில் தலைப்பிரட்டை வளர்ப்பதாகக் கேள்விப்பட்டேன். காலையில் போய்ப் பார்த்தேன். நல்ல முயற்சி. ஆனால் ஒரு சின்னத் தொட்டியில் முப்பதுக்கு மேல் இருக்கின்றன, தம்பிகளா! ஐந்து போதும். மீதியை எடுத்த கால்வாயிலேயே விடுங்கள், வேறு குளத்தில் கொண்டுபோய் விடாதீர்கள். நோயும் கூடவே போகும். குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள். ஒளிந்துகொள்ள இலை, சட்டி ஓடு ஏதாவது போடுங்கள். கால் முளைத்ததும் ஏறி உட்காரக் கல் வையுங்கள். கண்ணால் பாருங்கள், நோட்டில் எழுதுங்கள், கையில் எடுக்காதீர்கள். எடுத்தே ஆகவேண்டும் என்றால் கையை நனைத்துக்கொள்ளுங்கள். கொசு மருந்து பூசிய கை வேண்டாம். தேரையைத் தொட்டால் அப்புறம் கையைக் கழுவுங்கள், அதன் கழுத்துக்குப் பின்னால் உள்ள மேட்டில் விஷம் இருக்கிறது. மறந்தும் டின்னைக் குலுக்காதீர்கள்.

(உரை முடிந்ததும் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, அஞ்சாவது தேரை என்னாச்சு?" என்று கேட்டாள். அதற்குச் சொன்ன பதில்:)

நல்லாக் கேட்டம்மா. நாலாவது செத்த அன்றைக்கே, என் பாட்டி டின்னைப் பிடுங்கி வாழைமரத்தடியில் கவிழ்த்துவிட்டார்கள். அது உடனே ஓடவில்லை. ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தது. நானும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். அம்மா சாப்பிடக் கூப்பிட்டார்கள். திரும்பி வந்து பார்த்தபோது இல்லை.