தண்ணீர் எப்போது கொதிக்கும்?

(சேரன்மகாதேவியில் பேசிய பேச்சு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், தண்ணீர் எப்போது கொதிக்கும் என்பதாகும். இதென்ன பெரிய சங்கதி, அடுப்பில் ஏற்றி நெருப்பு மூட்டினால் கொதித்துவிட்டுப் போகிறது, இதற்கொரு கூட்டமா என்று உங்களில் சிலர் நினைக்கலாம். ஆனால் சேரன்மகாதேவியில் தண்ணீரைப் பற்றிப் பேசுவது அவ்வளவு லேசான காரியமல்ல. ஒரு தண்ணீர்ப் பானையை முன்னிட்டுத் தமிழ்நாட்டு அரசியலே கொதித்த ஊர் இது.

வ.வே.சு. அய்யர் அவர்கள் இங்கு நடத்திவந்த குருகுலத்தில், பிராமணப் பிள்ளைகள் இருவருக்கு மட்டும் தனிப் பந்தியும் தனித் தண்ணீரும் வைத்திருந்ததும், தமிழ்நாட்டுக் காங்கிரசின் 5,000 ரூபாய் வாங்கிய ஸ்தாபனத்தில் இப்படி நடக்கலாமா என்று டாக்டர் வரதராஜுலு நாயுடு அவர்களும் ஈ.வெ.ராமசாமி அவர்களும் 1924, 1925 வருஷங்களில் கிளர்ச்சி செய்ததும் நீங்கள் அறிந்ததே. அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் அப்படிக் கேட்டுக்கொண்டார்கள் என்பது குருகுலத்தார் சொன்ன சமாதானம். அந்த வழக்கை இன்று மறுபடியும் விசாரிக்க நாம் வரவில்லை. அந்த இரண்டு பானைத் தண்ணீரையும் தனித்தனி அடுப்பில் ஏற்றியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதே நமது கேள்வி. அதற்கு விடை சொல்ல வேண்டுமானால், கொதிப்பது என்றால் என்ன என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஈரத்துணியைக் கொடியில் போட்டால் நெருப்பில்லாமலே காய்கிறது. ஏன்? தண்ணீரின் நுண்ணிய துகள்கள் எந்நேரமும் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகப் பறந்துகொண்டேயிருக்கின்றன. உஷ்ணம் ஏற ஏற அந்த ஆவியின் தள்ளும் சக்தியும் ஏறுகிறது. அதே சமயத்தில் நம் தலைக்கு மேலிருக்கும் காற்று முழுவதும் தண்ணீரைக் கீழ்நோக்கி அமுக்குகிறது. அந்த அமுக்கம் சமுத்திர மட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோ. ஆவியின் சக்தி காற்றின் அமுக்கத்திற்குச் சமமானவுடன், பானையின் உள்ளேயே ஆவிக்குமிழிகள் உண்டாகி மேலே வருகின்றன. இதுதான் கொதிப்பு. சமுத்திர மட்டத்தில் சுத்தமான தண்ணீருக்கு இது செல்சியஸ் கணக்கில் 100 டிகிரியில் நடக்கிறது.

ஆகவே கொதிப்பென்பது இரண்டு பேர் செய்யும் மல்யுத்தம். மேலிருந்து அமுக்குகிறவன் பலம் குறைந்தால் சீக்கிரம் கொதிக்கும். பலம் கூடினால் தாமதமாய்க் கொதிக்கும். இதில் கிரகத்திற்கோ நட்சத்திரத்திற்கோ, அடுப்பு மூட்டியவன் குலத்திற்கோ யாதொரு வேலையுமில்லை.

இதற்கு அத்தாட்சி வெகு தூரத்திலில்லை. தாமிரபரணி பிறக்கும் பொதிகைமலையைப் பாருங்கள். பரமசிவன் கல்யாணத்தில் கூடிய கூட்டத்தால் வடபக்கம் தாழ்ந்துபோன பூமியைச் சமன் செய்ய அகத்தியர் வந்து தங்கிய மலை அது என்று புராணம் சொல்லுகிறது. முனிவரின் பாரத்தை நிறுத்துப் பார்த்தவர் யாருமில்லை. ஆனால் அம்மலையின் மீது காற்றின் பாரத்தை அளந்து பார்த்தவர் உண்டு. திருவனந்தபுரம் வானாராய்ச்சி நிலையத்தில் இருந்த ஜான் ஆலன் புரௌன் என்பவர் 1855-ல் அகத்தியமலை உச்சியிலேயே ஓர் ஆராய்ச்சி நிலையம் கட்டினார். அச்சிகரத்தின் உயரம் 1,868 மீட்டர். உயரே போகப் போக மேலிருக்கும் காற்று குறைவதால், சுமார் 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் கொதிக்கும் உஷ்ணமும் குறைகிறது. எனவே அகத்தியமலை உச்சியில் சுமார் 94 டிகிரியிலேயே தண்ணீர் கொதித்துவிடும். உதகமண்டலத்தில் சுமார் 92 அல்லது 93. எவரெஸ்ட் சிகரத்திலோ சுமார் 70 தான். மலையில் பருப்பு வேக நேரமாகிறதென்றால் அது மலைத்தண்ணீரின் தோஷமல்ல. அங்கு தண்ணீர் போதிய உஷ்ணம் ஏறுவதற்கு முன்பே கொதித்துவிடுகிறது என்பதே காரணம்.

இந்த அறிவைக்கொண்டே மலைகளை அளந்தார்கள். 1865-ல் நைன் சிங் என்னும் இமயமலைப் பிரதேசத்து உபாத்தியாயர், பிரிட்டிஷாரின் நில அளவை இலாகாவுக்காகத் திபேத்துக்கு மாறுவேஷத்தில் புறப்பட்டார். கையில் ஜபமாலை, ஆனால் அதில் 108 மணிக்குப் பதிலாக 100 மணிதான், நடந்த அடிகளை எண்ணுவதற்கு. கையில் மந்திரச் சக்கரம். ஆனால் உள்ளே மந்திரமில்லை, கணக்குக் குறிப்புகள். 1866-ல் லாசா போய்ச் சேர்ந்து, தண்ணீரைக் கொதிக்கவைத்து உஷ்ணமானியைப் பார்த்தே அந்நகரின் உயரத்தைக் கணக்கிட்டார். ஜபமாலையால் உலகத்திற்குக் கிடைத்த லாபம் இவ்வளவு பெரிதாக வேறெங்காவது இருந்ததாக நமக்குத் தெரியவில்லை.

இனி, அமுக்கத்தைக் கூட்டினால் என்ன? 1679-ல் டெனி பாப்பான் என்னும் பிரெஞ்சுக்காரர் மூடியை இறுக்கி, ஆவியை வெளியே விடாமல் அடைத்துச் சமைக்கும் பாத்திரம் ஒன்று செய்து காட்டினார். இன்று உங்கள் வீட்டில் விசிலடிக்கும் குக்கர் அதன் பேத்திதான். அதற்குள் தண்ணீர் சுமார் 120 டிகிரி வரை ஏறுவதால்தான் பருப்பு சீக்கிரம் வேகிறது. மாறாக, ஒரு கண்ணாடிக் கூண்டிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டால், உள்ளிருக்கும் தண்ணீர் நெருப்பே இல்லாமல் 30 டிகிரியில் கொதிக்கும். இதை ஒரு சாமியார் திரைபோட்டுக் காட்டினால் காலில் விழுவோம்; பள்ளிக்கூடத்து வாத்தியார் காட்டினால் கொட்டாவி விடுவோம். இதுதான் நமது நிலைமை!

தாய்மார்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. திறந்த பானையில் ஒரு தடவை கொதி வந்துவிட்டால், அதற்குமேல் எவ்வளவு விறகை அள்ளி வைத்தாலும் தண்ணீரின் உஷ்ணம் ஏறாது. தண்ணீர் சீக்கிரம் வற்றுமே தவிர சோறு சீக்கிரம் வேகாது. கொதித்த பின் தீயைக் குறைத்து மூடி வையுங்கள். விறகும் மிச்சம், காசும் மிச்சம்.

இரண்டாவது காரணம், தண்ணீரில் என்ன கரைந்திருக்கிறது என்பது. ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 58 கிராம் உப்பைக் கரைத்தால் கொதிக்கும் உஷ்ணம் ஒரு டிகிரி ஏறும். சோற்றுப் பானையில் போடும் ஒரு சிட்டிகை உப்பால் ஏறுவது மிகச் சொற்பம். ஆனால் நம் பக்கத்துக் கருப்பட்டிக் காய்ப்பைப் பாருங்கள். பதனீர் முதலில் தண்ணீரைப் போலவே 100 டிகிரியை ஒட்டிக் கொதிக்கிறது. தண்ணீர் வற்றி இனிப்பு மிஞ்ச மிஞ்ச, உஷ்ணம் 110-ஐயும் தாண்டுகிறது. பிறகே பாகு இறுகிச் சிரட்டையில் ஊற்றும் பதத்திற்கு வருகிறது. பாகு மேலே பட்டால் வெந்நீரைவிடக் கொடிய புண் உண்டாவது இதனாலும், அது தோலில் ஒட்டிக்கொள்வதாலும்தான். பதம் பார்த்துச் சொல்லும் பனையேறிக் குடும்பத்துப் பெண்கள் ரசாயன சாஸ்திரம் படித்ததில்லை. ஆனால் மந்திரம் சொல்லியும் பதம் பார்க்கவில்லை. கண்ணாலும் கையாலும் சோதித்தே பார்க்கிறார்கள்.

மூன்றாவது, திரவத்தின் சொந்தக் குணம். துகள்கள் ஒன்றையொன்று எவ்வளவு இறுகப் பிடித்திருக்கின்றனவோ அவ்வளவுக்குக் கொதிக்கும் உஷ்ணமும் அதிகம். ஈதர் சுமார் 35 டிகிரியிலும், சாராயத்திலுள்ள ஆல்கஹால் சுமார் 78-லும், பாதரசம் சுமார் 357-லும் கொதிக்கின்றன. சாண எரிவாயுவில் இருக்கும் மீதேன் துகளும் தண்ணீர்த் துகளும் ஏறக்குறைய ஒரே எடைதான். ஆனால் மீதேன் பூஜ்யத்திற்குக் கீழே 161 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடுகிறது. தண்ணீர்த் துகள்களோ ஒன்றோடொன்று கைகோர்த்து நிற்பதால் 100 டிகிரி வரை கலையாமல் இருக்கின்றன. தண்ணீருக்குத் தெரிந்த ஒற்றுமை மனிதனுக்குத் தெரியவில்லையே என்பதுதான் வெட்கம்.

தோழர்களே! இதெல்லாம் வெறும் வேடிக்கைக்காகச் சொன்னதல்ல. உயிர் சம்பந்தப்பட்ட காரியம். வாந்திபேதி வந்தபோதெல்லாம் அம்மன் கோபமென்று நம் ஜனங்கள் பொங்கலிட்டார்கள். 1884-ல் ராபர்ட் காக் என்னும் ஜெர்மன் டாக்டர் கல்கத்தாவில் அந்நோயின் கிருமியைக் கண்டுபிடித்து, அது குளத்துத் தண்ணீரில் இருப்பதையும் காட்டினார். அக்கிருமி கொதிக்கும் தண்ணீரில் பிழைக்காது. பானையின் அடியில் முதலில் வரும் சிறு குமிழிகள் தண்ணீரில் கரைந்திருந்த காற்றுதான். அதைக் கொதியென்று ஏமாந்து இறக்கிவிடாதீர்கள். நன்றாகத் தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிஷம் விடுங்கள். 2,000 மீட்டருக்கு மேற்பட்ட மலைகளில் கொதி உஷ்ணம் குறைவாதலால் மூன்று நிமிஷம் விடுங்கள். தீர்த்தமென்று பெயரிட்டதால் ஆற்றுநீரிலுள்ள கிருமி சாகாது. ஆனால் உப்பும் ரசாயன விஷமும் கொதித்தாலும் போகா. ஆற்றில் கழிவை விடாமல் தடுப்பதே அதற்கு மருந்து.

இப்போது அந்த இரண்டு பானைக்கு வருவோம். அவற்றை அடுப்பில் ஏற்றியிருந்தால் இரண்டும் ஒரே உஷ்ணத்தில்தான் கொதித்திருக்கும். இரண்டிலும் கிருமி இருந்திருந்தால் இரண்டிலும் ஒன்றுபோல் செத்திருக்கும். இரண்டையும் கொதிக்கவைக்காமல் குடித்திருந்தால், வாந்திபேதி இரண்டு பந்திக்கும் வித்தியாசமில்லாமல் வந்திருக்கும். பிறகு அந்தத் தனிப்பானை எதைக் காப்பாற்றிற்று? தண்ணீரின் சுத்தத்தையல்ல, ஒருவனுடைய உயர்வு என்னும் எண்ணத்தை மட்டுமே. டீக்கடையில் கொதிக்கும் பாத்திரம் ஒன்றாகவும் குடிக்கும் டம்ளர் இரண்டாகவும் எந்த ஊரில் இருந்தாலும், அங்கேயும் இதே கேள்வியைக் கேளுங்கள்.

நாம் சொன்னதற்காக எதையும் நம்ப வேண்டாம். ஓர் உஷ்ணமானி வாங்குங்கள். அக்கிரகாரத்திலிருந்து ஒரு செம்பு, சேரியிலிருந்து ஒரு செம்பு, ஆற்றின் ஒரே துறையில் மொண்டு கொதிக்கவைத்து நீங்களே பாருங்கள். வித்தியாசம் கண்டால் வந்து சொல்லுங்கள். காணாவிட்டால் உங்கள் ஊரில் சொல்லுங்கள்.