நின்ற பந்தை அடிப்பவர்



கோவில்பட்டி என்றவுடன் வெளியூரார்க்கு நினைவுக்கு வருவன இரண்டு. ஒன்று தீப்பெட்டி, மற்றொன்று கடலைமிட்டாய். 2020-ஆம் ஆண்டில் அக்கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. ஆயினும் கழுகுமலையிலும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் வாழும் எங்களைக் கேட்டால், மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்துச் சொல்லுவோம். அதுவே ஹாக்கி எனப்படும் வளைகோல் பந்தாட்டம். லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்திய ஹாக்கிப் போட்டிக்காகப் பெரிய அணிகளெல்லாம் இக்கரிசல் நகரத்தை நாடி வருகின்றன. செயற்கைப் புல்தரை அமைந்த மைதானமும், ஹாக்கி வீரர்களுக்கான விளையாட்டு விடுதியும் இங்கே உண்டு. இந்நகரத்து இளைஞரான மாரீஸ்வரன் சக்திவேல், 2022-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பைப் போட்டியில் இந்திய அணியில் இடம் பெற்றார். அவ்வணி வெண்கலப் பதக்கத்துடன் திரும்பியது.

ஹாக்கியின் அழகைப் பேசுவோர் பெரும்பாலும் பந்தை ஓட்டிச் செல்லும் வீரனையே புகழ்வர். கோலோடு பந்து ஒட்டிக்கொண்டதோ என்று வியக்கும்படி ஓடுகிறவனைக் கண்டு கைதட்டாதார் யார்? இன்று நான் பேச எடுத்துக்கொண்டவர் வேறொருவர். ஓடுகிற பந்தை விட்டு, நின்ற பந்தை அடிப்பவர். ஆட்டம் ஒரு கணம் நிற்கிறது. எல்லோர் கண்ணும் அவர்மேல் பதிகிறது. அவர் ஒரே ஓர் அடி அடிக்கிறார். வென்றால் ஊர் கொண்டாடும். தவறினால் அதே ஊர் ஆண்டுக்கணக்கில் பேசும். இந்தப் பொறுப்பை ஏற்ற ஒருவரின் வரலாறு மாணவர்களுக்குப் பயன்படும் என்று கருதுகிறேன்.

அவர் பெயர் பிரித்திபால் சிங். 1932-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் நாள், இன்று பாகிஸ்தானில் இருக்கும் நங்கானா சாகிப்பில் பிறந்தார். நாடு பிரிந்தபின் அவருடைய வாழ்வு இந்தியப் பஞ்சாபில் அமைந்தது. லூதியானா விவசாயக் கல்லூரியில் பயின்று, விவசாய விஞ்ஞானத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். பின்பு பஞ்சாப் போலீஸில் சேர்ந்தார். 1963-இல் ரயில்வேக்கு மாறினார். ஆட்டத்தில் அவர் தற்காப்பு வீரர். ஆனால், எதிரியைத் தடுப்பதற்காகப் பின்னால் நிற்கும் அவரே அணிக்காக மிகுதியான கோல்களை அடித்தார். இது எப்படி நேர்ந்தது என்று நீங்கள் கேட்கலாம்.

இங்கே ஆட்டத்தின் விதி ஒன்றை விளக்க வேண்டும். கோலின் முன்னே 16 கஜ அளவில் வளைவாக ஒரு கோடு இட்டிருப்பார்கள். அதற்குள் தற்காப்பு அணியினர் குற்றம் செய்தால், தாக்கும் அணிக்குப் பெனால்டி கார்னர் கிடைக்கும். அக்காலத்தில் அதனை ஷார்ட் கார்னர் என்றும் வழங்குவர். ஒருவர் கோல் கம்பத்திலிருந்து 10 கஜ தூரத்தில், பின்கோட்டில் பந்தை வைத்து வளைவின் விளிம்புக்குத் தள்ளுவார். அங்கே இரண்டாமவர் அதனை அசையாமல் நிறுத்துவார். மூன்றாமவர் அடிப்பார். கோலின் அகலம் 12 அடி. உயரம் 7 அடி. பந்து தள்ளப்பட்ட மறுகணமே தற்காப்பு வீரர்கள் கோட்டை விட்டுப் பாய்ந்து வருவார்கள். யோசிப்பதற்கு நேரமே இல்லை. பழகிய கை தானாகவே செயற்பட வேண்டும்.

பிரித்திபால் சிங்கின் காலத்தில் இரண்டாமவர் பந்தைக் கையால் நிறுத்தலாம். பின்னர் அவ்வழக்கம் விதியால் நீக்கப்பட்டது. ஆட்டமும் இயற்கைப் புல்தரையிலேயே நடந்தது. சிறிய மேடு பள்ளமும் பந்தின் போக்கை மாற்றிவிடும். கோடையில் பாளம் பாளமாக வெடித்து, மழையில் காலோடு ஒட்டிக்கொள்ளும் நம் கரிசல் மண்ணில் பந்து ஆடிப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது எளிதில் விளங்கும். அத்தகைய தரையில், நின்ற பந்தைக் குறி தவறாமலும் மின்னல் வேகத்திலும் அடித்தமையால்தான் அவருக்கு 'ஷார்ட் கார்னர் அரசர்' என்ற பெயர் நிலைத்தது.

1960-இல் ரோம் நகரத்தில் ஒலிம்பிக் போட்டி நடைபெற்றது. 1928 தொடங்கி அதுவரை நடந்த ஆறு ஒலிம்பிக் ஹாக்கிப் போட்டிகளிலும் தங்கம் வென்ற பெருமையோடு இந்திய அணி சென்றது. பிரித்திபால் சிங் டென்மார்க்குக்கு எதிராக மூன்று கோல்களும், நெதர்லாந்துக்கு எதிராக மூன்று கோல்களும் அடித்து எல்லோரையும் வியக்க வைத்தார். ஆனால் செப்டம்பர் 9-ஆம் நாள் நடந்த இறுதி ஆட்டத்தில் என்ன நிகழ்ந்தது? தொடக்கத்திலேயே பாகிஸ்தான் ஒரு கோல் அடித்தது. எஞ்சிய நேரம் முழுவதும் முயன்றும் இந்தியாவால் அதனைச் சமன் செய்ய இயலவில்லை. எளிய நாளில் மூன்று முறை திறந்த வாயில், வேண்டிய நாளில் ஒரு முறையும் திறக்கவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் காத்த மகுடம் கைமாறியது.

தோற்றவர் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு அடுத்த நான்கு ஆண்டுகள் விடை கூறுகின்றன. 1961-இல் அர்ஜுனா விருது முதன்முதலாக வழங்கப்பட்டபோது, ஹாக்கிக்காக அதனைப் பெற்றவர்களுள் பிரித்திபால் சிங்கும் ஒருவர். 1962-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டிலும் இந்தியாவுக்கு வெள்ளிதான் கிட்டியது. தங்கம் மீண்டும் பாகிஸ்தானுக்கே சென்றது. 1964-இல் டோக்கியோ ஒலிம்பிக் வந்தது. அங்கே இந்தியா அடித்த 22 கோல்களில் ஏறக்குறைய பாதி பிரித்திபால் சிங்கின் கோலிலிருந்து பிறந்தவை. அக்டோபர் 23-ஆம் நாள் இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றது மறுபடியும் பாகிஸ்தானே.

முதற்பாதியில் கோல் விழவில்லை. இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் இந்தியாவுக்குப் பெனால்டி கார்னர் கிடைத்தது. பிரித்திபால் சிங் ஓங்கி அடித்தார். பந்து கோலை நோக்கிப் பறந்தது. ஆனால் உள்ளே செல்லவில்லை. பாகிஸ்தான் தற்காப்பு வீரர் முனீர் தாரின் காலில் பட்டு நின்றது. கோலாக வேண்டிய பந்தைக் காலால் தடுத்தது குற்றமாதலால், நடுவர் இந்தியாவுக்குப் பெனால்டி ஸ்ட்ரோக் வழங்கினார். கோல்காப்பாளர் ஒருவரே எதிரே நிற்க, ஒருவர் பந்தை அடிக்கும் இந்த விதி அதற்கு முந்திய ஆண்டான 1963-இல்தான் நடைமுறைக்கு வந்திருந்தது. மொஹிந்தர் லால் முன்வந்து அதனைக் கோலாக்கினார். எஞ்சிய நேரத்தில் நம் கோல்காப்பாளர் சங்கர் லட்சுமண் வந்த பந்துகளையெல்லாம் தடுத்து நிறுத்தினார். ஒன்றுக்குப் பூஜ்யம் என்ற கணக்கில் தங்கம் திரும்பி வந்தது.

மாணவ நண்பர்களே, இங்கே சற்று நின்று எண்ணிப் பாருங்கள். அத்தனை கோல்கள் அடித்தவரின் பெயர், இறுதி ஆட்டத்தில் கோல் அடித்தவர் பட்டியலில் இல்லை. அப்பட்டியலில் இருப்பது மொஹிந்தர் லால் பெயர் மட்டுமே. ஆயினும் அந்த அடி இல்லையேல் அந்தக் கோல் இல்லை. நம் உழைப்பின் பயன் சில வேளைகளில் மற்றொருவர் பெயரில் எழுதப்படும். அணி வென்றது என்று மனம் நிறைகிறவனே உண்மையான ஆட்டக்காரன்.

இந்தப் பொறுப்பின் கடுமை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தின் வடபகுதியில், நிலக்கரிச் சுரங்கங்களும் ஆலைகளும் சூழ்ந்திருந்த ஊர்களில், ரக்பி லீக் என்றோர் ஆட்டம் உண்டு. அணிக்கு 13 பேர். எதிரியின் எல்லைக் கோட்டைக் கடந்து பந்தைத் தரையில் வைத்தபின், ஒருவர் பந்தை நிறுத்தி வைத்து, இரு கம்பங்களுக்கிடையே, 10 அடி உயரக் குறுக்குக் கட்டைக்கு மேலே செல்லுமாறு உதைக்க வேண்டும். அவ்வாறு உதைத்தால் மேலும் 2 புள்ளிகள். இவ்வுதையில் புகழ் பெற்றவர் நீல் ஃபாக்ஸ். 1939-இல் யார்க்ஷயரில் சார்ல்ஸ்டன் என்னும் சுரங்கச் சிற்றூரில் பிறந்து, வேக்ஃபீல்ட் டிரினிட்டி அணிக்கு ஆடியவர். பிரித்திபால் சிங் ரோமுக்குச் சென்ற அதே 1960-இல், லண்டன் வெம்பிளி மைதானத்தில் நடந்த சாலஞ்சுக் கோப்பை இறுதி ஆட்டத்தில் இவர் ஒருவரே 20 புள்ளிகள் எடுத்தார். தம் ஆட்ட வாழ்வில் இவர் குவித்த 6,000-க்கு மேற்பட்ட புள்ளிகள் அவ்வாட்டத்தில் ஒரு சாதனை.

அவருக்கு டான் ஃபாக்ஸ் என்றோர் அண்ணன். 1968-இல் அதே வெம்பிளியில் இறுதி ஆட்டம் நடந்தபோது நீல் ஃபாக்ஸ் காயமுற்றிருந்தார். ஆகவே உதைக்கும் பொறுப்பு அண்ணனுக்கு வந்தது. பெருமழையால் மைதானம் குளமாகிக் கிடந்தது. லீட்ஸ் 11, வேக்ஃபீல்ட் 10 என்ற நிலையில் கடைசி உதை. கம்பங்களுக்கு நேர் எதிரே, சிறுவரும் உதைத்துவிடக்கூடிய இடம். டான் ஃபாக்ஸ் உதைத்தார், பந்து விலகிச் சென்றது, கோப்பை போயிற்று. இதிலுள்ள விந்தை யாதெனில், அன்றைய ஆட்டத்தின் சிறந்த வீரர் என்ற பரிசுக்கு அவரையே முன்னதாகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அன்று அவர் ஆடிய நல்ல ஆட்டத்தைப் பலர் மறந்தனர். அந்த ஓர் உதையையே உலகம் நினைவில் வைத்துக்கொண்டது. ஒருவரை அவருடைய ஒரே ஒரு தவறைக்கொண்டு அளப்பது எத்துணை அநீதி என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

அதே 1968-ஆம் ஆண்டு மெக்ஸிகோ ஒலிம்பிக்கில் பிரித்திபால் சிங்கும் குர்பக்ஷ் சிங்கும் இந்திய அணிக்குக் கூட்டுத் தலைவர்களாக நியமிக்கப்பட்டனர். ஓர் அணிக்கு இரு தலைவர்! முதல் ஆட்டத்திலேயே நியூசிலாந்திடம் தோல்வி. அரையிறுதியில் ஆஸ்திரேலியாவிடம் தோல்வி. மேற்கு ஜெர்மனியை வென்று வெண்கலம் பெற்றோம். 1928-க்குப் பிறகு இந்தியா இறுதி ஆட்டத்துக்கே செல்லாத முதல் ஒலிம்பிக் அதுதான். 1967-இல் பத்மஸ்ரீ பெற்ற அவ்வீரர், பின்னர் லூதியானாவிலுள்ள பஞ்சாப் விவசாயப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டையும் மாணவர் நலத்தையும் கவனிக்கும் பொறுப்பில் பணியாற்றினார். 1983-ஆம் ஆண்டு மே 20-ஆம் நாள், அப்பல்கலைக்கழக வளாகத்திலேயே அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒலிம்பிக் மைதானங்களில் அஞ்சாது நின்ற அவருடைய வாழ்வு, மாணவர்கள் நடமாடும் இடத்தில் அவ்வாறு முடிந்தது. கல்வி பயிலும் ஒவ்வொருவரும் வருந்த வேண்டிய செய்தி இது.

ஆனால் அக்கலை அழியவில்லை. இப்போது நின்ற பந்தை ஓங்கி அடிப்பதற்கு மாறாக, கோலால் இழுத்து வீசும் முறை ஓங்கி நிற்கிறது. 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியத் தலைவர் ஹர்மன்பிரீத் சிங் 10 கோல்கள் அடித்தார். வெண்கலப் பதக்கத்துக்கான ஆட்டத்தில் ஸ்பெயினுக்கு எதிராக நாம் பெற்ற இரண்டு கோல்களும் அவருடையவையே.

கோவில்பட்டி மைதானத்தில் மாலை நேரங்களில் நான் கண்டிருக்கிறேன். ஒரு பையன் தள்ளுகிறான், ஒருவன் நிறுத்துகிறான், ஒருவன் அடிக்கிறான். பிறகு பந்துகளைப் பொறுக்கிவந்து, மறுபடியும் தொடங்குகிறார்கள். பார்ப்பவர்க்குச் சலிப்பு வரும், அவர்களுக்கு வருவதில்லை. எங்கள் கழுகுமலையில் வெட்டுவான் கோயில் என்னும் ஒற்றைக்கல் கோயில் இருப்பதை அறிவீர்கள். பாண்டியர் காலத்துச் சிற்பிகள் மலைப்பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து அதனைச் செதுக்கினார்கள். அங்கே ஓர் உளி தவறினால், உதிர்ந்த கல்லை மீண்டும் ஒட்ட வழியில்லை. அக்கோயில் முற்றுப்பெறாமலே நின்றுவிட்டது. ஆனால், செதுக்கிய வரையில் உள்ள ஒவ்வோர் உருவமும் இன்றும் நம்மை வியக்க வைக்கிறது. முடியாமற் போனதைக் கொண்டு அச்சிற்பியை யாரும் குறை கூறுவதில்லை.

திரும்பப் பெற முடியாத ஓர் அடிக்காக ஆயிரம் அடிகள் பழகுங்கள். பழகியபின் தவறினாலும் தலை குனியாதீர்கள். உங்கள் தோழன் தவறினால் அவன் தோளில் கை வையுங்கள். பந்தைத் தள்ளியவனையும் நிறுத்தியவனையும் ஒரு நாளும் மறவாதீர்கள். கரிசல் மண்ணின் பிள்ளைகள் வளைகோல் ஏந்தி நாட்டுக்காக நிற்கும் நாட்கள் இன்னும் பல வரட்டும் என்று வாழ்த்துகிறேன்.