வழுக்கும் மலைப்பாதையில் பழைய கார்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் நமக்குப் பனி மூடிய வீதி பழக்கமில்லாதது. ரொறன்ரோவில் வாழும் உறவினர் அதனைப்பற்றிக் கூறக் கேட்டிருக்கின்றோம். ஆயினும், பனிமேல் காரை வழுக்கச் செய்யும் அதே நியதி, மழை பெய்யும் வேளையில் நுவரெலியா மலைப்பாதையிலும் உண்டு. சித்திரை விடுமுறைக்குப் பழைய மொரிஸ் மைனரில் பிள்ளை குட்டிகளுடன் புறப்படுவோர் அதனை அறிந்திருத்தல் நன்று.

1948ஆம் ஆண்டில் வெளிவந்த இக்காரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். இதன் இயந்திரம் முன்னே இருக்கின்றது. விசையோ நீண்ட தண்டொன்றின் வழியே பின்சில்லுகளுக்குச் செல்கின்றது. ஒரு சில்லு வீதியைப் பற்றும் வலு, அதன்மேல் அழுந்தும் பாரத்தைப் பொறுத்தது. சாரதி மட்டும் செல்லும்போது, உந்துகின்ற பின்சில்லுகளின்மேல் பாரம் குறைவு. பனி பெய்யும் நாடுகளில் இத்தகைய கார்களின் பின்பெட்டியில் மணல் மூட்டை ஏற்றும் வழக்கம் இதனாலேயே ஏற்பட்டது. 1959இல் வெளிவந்த மினி காரில், அதே இசிகோனிஸ் முன்சில்லுகளுக்கே விசையைக் கொடுத்தார்.

கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக வளைந்து வளைந்து ஏறும் வீதி, ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவை அடைகின்றது. ஏறும்போது பாரம் பின்னோக்கிச் சாய்வதால் பின்சில்லுகள் நன்கு பற்றுகின்றன. திரும்பி இறங்கும்போதோ பாரம் முன்னே சரிகின்றது, பின்சில்லுகள் இலேசாகின்றன. ஆபத்து இங்கேதான் இருக்கின்றது.

நெடிய இறக்கத்தில் பிரேக்கை ஓயாது மிதித்தால் அது சூடேறி வலுவிழக்கும். ஆகவே, இறக்கம் தொடங்குமுன்பே சிறிய கியருக்கு மாறுதல் வேண்டும். மொரிஸ் மைனரின் முதலாம் கியர் ஓடும்போது எளிதில் விழாது. கடைசி நேரத்தில் அதனைத் தேடுதல் வீண். கிளச்சையும் மெல்லவே விடுக. திடீரென விட்டால், இயந்திரத்தின் இழுப்பு முழுவதும் பின்சில்லுகளையே பிடிக்கும். ஈர வீதியில் அவை வழுக்கிவிடும்.

அவ்வாறு காரின் பின்புறம் ஒரு பக்கமாக விலகினால் என் செய்வது? பிரேக்கை மிதியாதீர்கள். அக்சிலறேற்றரிலிருந்து காலை மெல்ல எடுங்கள். பின்புறம் எப்பக்கம் விலகுகின்றதோ அப்பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்புங்கள். கார் நேரானதும் அதனையும் நேராக்குங்கள். பள்ளத்தின் ஓரத்தில் மனம் பதறும். எனினும் பதற்றத்தில் மிதிக்கும் பிரேக்தான் பெருங்கேடு விளைக்கும்.

குடும்பத்தினர் பின்னே அமர்ந்திருந்தால் பின்சில்லுகளுக்குப் பிடிமானம் கூடும். ஆனால் பாரம் ஏறிய காரை நிறுத்துவதும் கடினம். முன்செல்லும் வண்டிக்கு நல்ல இடைவெளி விடுங்கள்.

கொழும்பை விட்டுப் புறப்படுமுன் நான்கு டயர்களையும் பிரேக்கையும் பார்வையிடுங்கள். சித்திரையில் மலைநாட்டு மழை பெரும்பாலும் பிற்பகலிலே வரும். விடியுமுன்பே புறப்பட்டால், வீதி நனையுமுன் மலையேறி விடலாம்.