மூடியின் நிறம்

(ஈரோட்டில் நம் அறக்கட்டளை நடத்திய தசலட்சணப் பருவ விழாவில், செவிலியர் படிப்பை நிறைவு செய்த மாணவியரைப் பாராட்டும் நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)

 

பாராட்டுரையை எனக்கு முன் பேசியோர் நிறைவாகச் செய்துவிட்டார்கள். ஆகவே, விழா மேடைகளில் எவரும் எடுக்காத பொருள் ஒன்றை நான் எடுத்துக்கொள்கிறேன். ஈரோட்டிலும் பெருந்துறையிலும் கோவையிலும் நீங்கள் பணியேற்கப் போகும் முதல் ஆண்டில், உங்கள் கையால் நேரப்போகும் தவறு பற்றியது அது. ‘நேரக்கூடிய’ என்று மென்மையாகச் சொல்லியிருக்கலாம். தெரிந்தேதான் ‘நேரப்போகும்’ என்கிறேன்.

2006ஆம் ஆண்டு. நான் பணியில் சேர்ந்து நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. எந்த மருத்துவமனை என்பது இங்கு வேண்டாம். இரவுப் பணி, முப்பது படுக்கைகளுக்கு இருவர். ஒரு பெரியவருக்கு உணவுக்கு முன் 12 யூனிட் இன்சுலின் செலுத்த வேண்டும். நம் நாட்டில் இன்சுலின் குப்பி இரு வலிமைகளில் கிடைக்கிறது என்பதை, வீட்டிலேயே ஊசி போட்டுக்கொள்ளும் தாய்மார் பலர் அறிவீர்கள். ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் கொண்டது ஒன்று. 100 யூனிட் கொண்டது மற்றொன்று. முன்னதற்குச் சிவப்பு மூடியிட்ட சிரிஞ்சு, பின்னதற்கு ஆரஞ்சு மூடியிட்டது. அன்று குப்பி 100. என் கையில் இருந்ததோ சிவப்பு மூடி. 12 என்ற கோடு வரை இழுத்துச் செலுத்தினேன். அவர் உடலுக்குள் சென்றது 30 யூனிட்.

தட்டில் கிடந்த மூடியைப் பார்த்தபோதுதான் புரிந்தது. ஏறத்தாழப் பத்து நிமிடம் நான் எவரிடமும் சொல்லவில்லை. அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றிப் பேசத்தான் இங்கு வந்திருக்கிறேன். பெரியவர் நன்றாகத்தானே பேசிக்கொண்டிருக்கிறார். இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிடச் சொன்னால் போதாதா. குறிப்பேட்டில் 12 என்று எழுதினால் அது மருத்துவர் எழுதியதுதானே. அப்பா என் படிப்புக்கு வாங்கிய கடன் என்னாவது. இப்படியெல்லாம் மனம் ஓடிற்று. அவருக்காகக் கவலைப்படுவது போல் தோன்றிய எண்ணமும் என்னைக் காத்துக்கொள்ள எழுந்ததே. இன்றும் இதை வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

பிறகு மூத்த செவிலியரிடம் சென்று சொன்னேன். ஏன் இப்படிச் செய்தாய் என்று அவர் கேட்கவில்லை. “எத்தனை மணிக்கும்மா? எவ்வளவு உள்ளே போயிருக்கு?” என்ற இரண்டே கேள்விகள். உடனே பெரியவருக்கு உணவு கொடுக்கச் செய்தார், மருத்துவரை அழைத்தார், டெக்ஸ்ட்ரோஸைப் படுக்கையருகே எடுத்து வைத்தார், அரைமணிக்கொரு முறை சர்க்கரை அளவு பார்க்கச் சொன்னார். ஒரு கட்டத்தில் அளவு 58க்கு இறங்கியது. பெரியவருக்கு வியர்த்துக் கொட்டிற்று. டெக்ஸ்ட்ரோஸ் செலுத்தினோம். நள்ளிரவுக்குப் பின் நிலைப்பட்டது. நான் இன்னும் அரைமணி நேரம் வாய்மூடி இருந்திருந்தால், உணவுமில்லை, மருந்துமில்லை, அவர் உறங்குகிறார் என்றே வார்டில் எண்ணியிருப்போம்.

காலையில் மருத்துவர் முன்னிலையில் பெரியவரிடமும் அவர் மகனிடமும் நடந்ததைச் சொன்னோம். மகன் கடுமையாகக் கோபித்தார். கோபிக்க அவருக்கு உரிமை இருந்தது. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் இரவு ஊசியோடு சென்றபோதுதான், “மூடி என்ன நிறம் கண்ணு?” என்று கேட்டார்.

அதன் பின் மூன்று வாரம் என் கை என் வசத்தில் இல்லை. ஒரே மருந்தை நான்கு முறை சரிபார்ப்பேன். ஐந்தாம் முறை ஐயம் வரும். இந்நிலைக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் உண்டு. 2000ஆம் ஆண்டு ஆல்பர்ட் வூ என்னும் அமெரிக்க மருத்துவர், தவறிழைத்தவரும் அத்தவறால் ‘இரண்டாவதாகப் பாதிக்கப்படுபவர்’ ஆகிறார் என்று பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். பாதிக்கப்பட்ட குடும்பங்களைச் சேர்ந்த சிலர் இப்பெயரை ஏற்பதில்லை. அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. பெயர் எதுவாயினும் அந்த நடுக்கம் உண்மை.

சொல்லிவிட்டால் காக்கப்படுவோமா என்று கேட்பீர்கள். உறுதி தர என்னால் இயலாது. அமெரிக்காவின் நாஷ்வில் நகரில், வாண்டர்பில்ட் மருத்துவமனைச் செவிலியர் ராடோண்டா வாட், 2017 டிசம்பரில் மயக்கந்தரும் மருந்துக்கு மாறாகத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் வெக்குரோனியத்தைச் செலுத்திவிட்டார். மருந்துப் பெட்டகத்தின் திரையில் முதலிரண்டு எழுத்துகளைத் தட்டி, வந்ததை எடுத்தார். குப்பியின் மேலிருந்த எச்சரிக்கையைக் கவனிக்கவில்லை. நோயாளி இறந்தார். வாட் தம் தவறை மறைக்கவில்லை. மருத்துவமனையோ உரிய அரசு அமைப்புக்கு அதைத் தெரிவிக்கவில்லை. 2022இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. சிறை விதிக்காமல் மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதித்தது. நம் நாட்டில், ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இவ்வகையில் ஆறுதலானது. மருத்துவத் தொழில் புரிவோரைக் குற்றவியல் சட்டப்படி தண்டிக்க வேண்டுமெனில் கவனக்குறைவு மிகப் பெரியதாக இருக்க வேண்டும். சாதாரணக் கவனப்பிழை அதற்குப் போதாது என்றது அது. ஆனால் வேலை போகலாம், பேர் கெடலாம். இவற்றை நீதிமன்றம் தடுக்காது. அப்படியிருந்தும் சொல்லத்தான் வேண்டும். படுக்கையில் இருப்பவருக்கு நம் பெயரைக் காட்டிலும் நேரம் தேவை.

எப்படிச் சொல்வது என்பதில் நம் முன்னோர் என்னைவிடத் தெளிவானவர்கள். முனிவர்கள் தம் குற்றத்தை ஆசாரியரிடம் எடுத்துரைக்கும் ‘ஆலோசனை’யில் பத்து வகைக் குறைகள் நேரலாம் என்று ஆசார நூல்கள் கூறுகின்றன. பிறர் கண்டுவிட்டதை மட்டும் சொல்வது, பெரியதை மறைத்துச் சிறியதைச் சொல்வது, யாரோ செய்ததுபோல் பரிகாரம் கேட்பது, இரைச்சலுக்கு நடுவே காதில் விழாதபடி சொல்வது, அதே குற்றம் செய்தவரிடமே சென்று சொல்வது ஆகியவை அவற்றுள் சில. வார்டில் பணியாற்றிய எவரும் இவற்றைக் கேட்டால் சிரித்துவிடுவார்கள். “ஒரு பேஷன்டுக்கு இன்சுலின் கொஞ்சம் கூடிப்போனா என்ன பண்ணுவாங்க அக்கா?” என்று பொதுவாகக் கேட்கும் புதுச் செவிலியரை நானே பார்த்திருக்கிறேன். பணி மாறும் நேரத்து ஆரவாரத்தில் முணுமுணுத்துவிட்டு வீட்டுக்குப் போனவரையும் அறிவேன். குறிப்பேட்டில் எழுதியதை அழிக்காதீர்கள். பிழையை ஒரே கோட்டால் அடித்து, நேரமிட்டு, கையொப்பமிடுங்கள்.

இனி, பெற்றோருக்கு ஒரு வார்த்தை. அன்று தொலைபேசியில் என் தந்தை, “யாரிடமும் சொல்லிக்கொள்ளாதே, வேலையை விட்டுவிட்டு வந்துவிடு” என்றார். அன்பினால் சொன்னது. ஆயினும், எனக்கு எது கடினமாக இருந்ததோ அதையே அது இன்னும் கடினமாக்கிற்று. இரவுப் பணி முடிந்து வந்த மகள் பேசாமல் படுத்துக்கொண்டால், முதலில் அவளை உறங்க விடுங்கள். எழுந்தபின் ‘யாரிடம் சொன்னாய்?’ என்று கேளுங்கள். ‘யாருக்குத் தெரியும்?’ என்று கேட்காதீர்கள். மற்றொன்று, இப்பருவத்தில் நோன்பு இருந்துகொண்டே இரவுப் பணிக்குப் போகும் பெண்களை எனக்குத் தெரியும். நோன்பை நான் தடுக்கவில்லை. ஆனால் அதிகாலை மூன்று மணிக்குச் சோர்ந்த கண்ணோடு மருந்தளவைக் கணக்கிடுவது நோயாளிக்கு நாம் வைக்கும் சோதனை. அந்த நாள்களில் பகல் பணி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தலைமைச் செவிலியரிடம் காரணத்தை மறைக்காமல் சொல்லுங்கள்.

பொழுது சாய்வதற்குள் உணவு முடிய வேண்டும் என்று அமைப்பாளர் சைகை காட்டுகிறார். உணவுக்குப் பின் மண்டபத்தின் பின்கட்டில் அமர்ந்திருப்பேன். சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி இரண்டும் கைப்பையில் இருக்கின்றன. கேட்க வேண்டியதும் சொல்ல வேண்டியதும் உள்ளவர்கள் வாருங்கள்.