ரெண்டு பக்கமும் கை இறங்கின ஸ்டேஷன்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்பதற்காகச் சற்றே திருத்தப்பட்டது.)

இந்த வாரம் விருந்தினர் யாரும் இல்லை, நான் மட்டும்தான். என் மேசை மேல ஒரு ரயில்வே ஸ்டேஷன் இருக்கு. நீளம் 16 சென்டிமீட்டர். ஓட்டுக்கூரை, ஒரு டிக்கெட் கவுன்ட்டர், ஒரு வேப்பமரம், ரெண்டு பக்கமும் ஒவ்வொரு கைகாட்டி. கைகாட்டின்னா பழைய காலத்து சிக்னல். கம்பத்துல ஒரு சிவப்புக் கை இருக்கும். கை நேரா நின்னா வண்டி நிக்கணும், கீழே இறங்கினா வரலாம்.

இந்த ஸ்டேஷன் இப்போ நிஜத்துல இல்லை. டெல்டா பக்கம், ஒரு மீட்டர் கேஜ் பாதையில இருந்துச்சு. எங்க அப்பா அங்கே பாயிண்ட்ஸ்மேன். ஒன்பது வயசு வரைக்கும் நான் வளர்ந்தது அந்தப் பிளாட்பாரத்துலதான்.

1992-ல 'யூனிகேஜ்' திட்டம் ஆரம்பிச்சது. குறுகின பாதைகளை எல்லாம் அகலப்பாதையா மாத்துற வேலை. இன்னைக்குத் தமிழ்நாட்டுல மீட்டர் கேஜ்ல ஓடுறது ஊட்டி மலை ரயில் மட்டும்தான். எங்க ஸ்டேஷனுக்கும் அகலப்பாதை வந்துச்சு, பழைய கட்டடத்தை இடிச்சுட்டாங்க. அதுக்கு முன்னாடியே அப்பாவுக்கு வேற ஊருக்கு மாற்றல் ஆயிருந்துச்சு. அதுக்கப்புறம் அந்த ஸ்டேஷனைப் பத்தி அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

ரெண்டு வருஷம் முன்னாடி, அவர் ரிட்டயர் ஆகி சென்னையில எங்களோட வந்து இருந்தார். அவருக்கு ஒரு சர்ப்ரைஸ் கொடுக்கலாம்னு அந்த ஸ்டேஷனை மாடலா செய்ய ஆரம்பிச்சேன்.

முதல் முயற்சி முழுக்க ஞாபகத்துல இருந்து செஞ்சது. எச்.ஓ. ஸ்கேல், அதாவது நிஜத்துல 87-ல ஒரு பங்கு. ஒரு ஆள் உயரம் கிட்டத்தட்ட 2 சென்டிமீட்டர் வரும். மூணு வாரத்துல கட்டடம் ரெடி. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கிட்டுக் குனிஞ்சு பார்த்தார். "நல்லாருக்குப்பா. யார் வீடு இது?"ன்னு கேட்டார்.

கோபம் வந்துச்சு. ஆனா அன்னைக்கு ராத்திரி, காகிதத்துல 2 சென்டிமீட்டர் மனுஷன் ஒருத்தனை வெட்டி அந்தக் கட்டடத்துக்கு முன்னாடி நிக்க வச்சப்போ எனக்கே புரிஞ்சுபோச்சு. டிக்கெட் கவுன்ட்டர் ஜன்னல் அவன் தலைக்கு நேரா இருக்கு. நிலைப்படி ஏதோ கோவில் வாசல் மாதிரி உயர்ந்து நிக்குது. ஒன்பது வயசுப் பையன் அண்ணாந்து பார்த்த ஸ்டேஷனை நான் அப்படியே கட்டி வச்சிருக்கேன்.

சரி, இடிச்ச கட்டடத்தை எப்படி அளக்குறது? மூணு வழி கிடைச்சது.

ஒண்ணு, ஒரு பழைய போட்டோ. ஸ்டேஷன் கதவு நிலையில சாய்ஞ்சுக்கிட்டு எங்க அம்மா நிக்குறாங்க. அம்மா உயரம் சரியா அஞ்சு அடி. அந்தக் கணக்கை வச்சு, அதே சுவர்ல இருக்குற கதவு, ஜன்னல் எல்லாத்தையும் அளந்துடலாம். சுவருக்கு முன்னாடியோ பின்னாடியோ இருக்குற பொருளுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது, ஏன்னா கிட்ட இருக்குறது பெருசாத்தான் தெரியும். ரெண்டாவது, கூகுள் எர்த்ல பழைய வருஷத்துப் படங்களையும் பார்க்க முடியும். அதுல கூரையோட நீள அகலம் கிடைச்சது. மூணாவதுதான் பெரிய உதவி. சின்ன ஸ்டேஷன்களைப் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் கட்டியிருப்பாங்க. அதே பாதையில ரெண்டு ஸ்டேஷன் தள்ளி, எங்க ஸ்டேஷனோட அச்சுல ஒண்ணு இடியாம இருந்துச்சு. அனுமதி வாங்கி, டேப்போட போய் நின்னேன். டிக்கெட் ஜன்னல் தரையில இருந்து 105 சென்டிமீட்டர். மாடல்ல அது 12 மில்லிமீட்டர். நான் வச்சிருந்தது 20!

இனி கட்டுமானம். புதுசா ஆரம்பிக்கிறவங்க எல்லாரும் செய்யுற தப்பை நானும் செஞ்சிருந்தேன். மெல்லிசான அட்டையில ஜன்னலை வெட்டிடுவோம். தூரத்துல இருந்து பார்த்தாலே அட்டைன்னு தெரிஞ்சுடும். பழைய ஸ்டேஷன் சுவர் ஒண்ணரைச் செங்கல் கனம், ஏறக்குறைய 35 சென்டிமீட்டர். 87-ஆல வகுத்தா 4 மில்லிமீட்டர். அதனால 3 மில்லி ஃபோம் போர்டு மேல 1 மில்லி அட்டையை ஒட்டி, அப்புறம் ஜன்னலை வெட்டினேன். ஜன்னல் உள்வாங்கி நின்னதும் சுவருக்குக் கனம் வந்துச்சு.

கூரைக்கு மங்களூர் ஓடு. 1865-ல பாசல் மிஷன்காரங்க மங்களூர்ல தொழிற்சாலை வச்சுப் பரப்பின ஓடு அது. அட்டையை மூணரை மில்லி அகலத்துக்குக் கீற்றுக்கீற்றா வெட்டி, ஒவ்வொரு ஓட்டுக்கும் கத்தி முனையால ஒரு கோடு போட்டு, கீழ் வரிசையில இருந்து மேல ஒட்டிக்கிட்டே போகணும். மேல இருந்து ஆரம்பிச்சீங்கன்னா ஒவ்வொரு வரிசையும் தப்பான பக்கம் ஏறி உக்காரும், மழை பெஞ்சா தண்ணி உள்ளே இறங்குற மாதிரி. நிஜக் கூரை வேயுறவங்க செய்யுற வரிசையேதான் இங்கேயும். முடிஞ்சதும் எல்லா ஓட்டுக்கும் ஒரே சிவப்பை அடிக்காதீங்க. பத்துல ஒண்ணு கறுத்திருக்கட்டும், ரெண்டு மூணு புதுசா மாத்தின மாதிரி பளிச்சுன்னு இருக்கட்டும்.

தண்டவாளத்துக்கு அடியில போடுற கட்டைக்கு நான் எதுவும் வாங்கலை. மீட்டர் கேஜ் மரக்கட்டை 1.83 மீட்டர் நீளம், 20 சென்டிமீட்டர் அகலம். ஸ்கேல்ல 21 மில்லிக்கு 2.3 மில்லி. ஒரு தீக்குச்சியை மருந்தைக் கிள்ளிட்டுப் பாதியா வெட்டினா கிட்டத்தட்ட இதே அளவு! தரைக்கு, காய வச்ச டீத்தூள் சக்கை. வேப்பமரத்துக்குப் பீர்க்கங்காய் நார்ல பச்சை பெயின்ட்.

கடைசியா கைகாட்டி. நிஜத்துல அது ஸ்டேஷனை விட்டு ரொம்பத் தள்ளி இருக்கும். ஸ்கேல்படி வச்சா எங்க பக்கத்து வீட்டு ஹாலுக்குப் போயிடும். அதனால பலகையோட ரெண்டு ஓரத்துலயும் நட்டுட்டேன். 15 மில்லி நீளத்துக்கு அட்டைக் கை, நடுவுல குண்டூசி, தூக்கி இறக்கலாம். அதுல எனக்குப் பெரிய பெருமை. பார்க்க அழகா இருக்கட்டும்னு ரெண்டு கையையும் இறக்கி வச்சுட்டுப் படுத்துட்டேன்.

காலையில பார்த்தா கிழக்குப் பக்கக் கைகாட்டி உடைஞ்சிருக்கு. யாரோ அதைத் திரும்ப ஒட்டியிருக்காங்க, கோணலா, ஃபெவிகால் வழிஞ்சு. கை நேரா நிக்குது.

அப்பா சமையலறையில டீ போட்டுட்டு இருந்தார். திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "தூக்கி விடலாம்னு பார்த்தேன். ஒடிஞ்சுபோச்சு."

"எதுக்குப்பா தூக்குனீங்க?"

"ரெண்டு பக்கமும் இறக்கி வச்சிருக்கியே. எதிரெதிரா ரெண்டு வண்டி வந்தா? அதை அப்படியே விட்டுட்டு எப்படிடா தூங்குறது?"

அந்தத் தண்டவாளம் ஓடாத தண்டவாளம். எந்த வண்டியும் வராது. அது அவருக்கும் தெரியும். ஆனா 29 வருஷம் ராத்திரி ராத்திரியா அந்தக் கையைப் பார்த்தவர் அவர். எனக்கு அது அலங்காரம், அவருக்கு அது ஒரு உத்தரவு.

அன்னைக்குத்தான் பேச ஆரம்பிச்சார். தினமும் சாயங்காலம் கம்பத்து மேல ஏறி மண்ணெண்ணெய் விளக்கை ஏத்தி வைக்கிறது. மழை நாள்ல அது அணைஞ்சுட்டா இருட்டுல திரும்பவும் ஏறுறது. நிக்காம போற வண்டிக்குப் பிரம்பு வளையத்துல டோக்கன் உருண்டையை வச்சு நீட்டும்போது, டிரைவர் கை வளையத்தைப் பிடிச்ச வேகத்துல தோள்பட்டை அதிருமாம். நான் ஒன்பது வருஷம் அங்கேயே இருந்தேன். இதுல ஒண்ணுகூட எனக்குத் தெரியாது.

நடுவுல நிறுத்திட்டு மாடலைப் பார்த்தார். "ஏணி எங்கே?"ன்னு கேட்டார்.

நான் ஏணி வைக்கவே இல்லை. எந்தப் போட்டோவுலயும் அதை நான் கவனிக்கலை. அவர் தினமும் ஏறினதே அந்த ஏணியிலதான்.

பழைய சார்ஜர் வயரை உரிச்சு, செம்புக் கம்பியில ரெண்டு பேருமா ஏணி செஞ்சோம். படிக்குப் படி எவ்வளவு இடைவெளின்னு அவர்கிட்ட கேட்டேன். எழுந்து நின்னு, காலைத் தூக்கிக் காட்டினார். டேப் வச்சு அளந்தேன். ஒரு அடிக்குக் கொஞ்சம் குறைவு.

கோணலா ஒட்டின அந்தக் கையை நான் மாத்தலை. இப்போ ரெண்டு பக்கமும் கை நேராத்தான் நிக்குது.

நீங்களும் ஆரம்பிக்கணும்னா பெரிய செலவில்லை. ஒரு கட்டர், ஒரு ஸ்டீல் ஸ்கேல், அட்டை, ஃபெவிகால் போதும். ஆனா அட்டையை வெட்டுறதுக்கு முன்னாடி, நீங்க செய்யப்போற கட்டடத்துல வேலை பார்த்தவங்க யாராவது இருந்தா, அவங்க பக்கத்துல ஒரு டேப்போட உக்காருங்க. அப்படி ஒருத்தர் உங்க வீட்டுலயே இருந்தார்னா, அவர் என்ன சொன்னார்னு எங்களுக்கு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க.

அடுத்த வாரம் பார்க்கலாம்.